டிராக்கில் ஓடும் காருக்கு எந்த வீல் ஸ்டட்: கம்பெனி உருப்படியா, லேத் பட்டறையா, ரேஸ் ஸ்டட்டா?

ஸ்விஃப்ட் காரின் நான்கு சக்கரங்களையும் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் சுழல் மையத்தோடு, பிடித்துவைத்திருப்பவை மொத்தம் 16 ஸ்டட்கள்; ஹப்பில் பதிந்து வெளியே நீண்டிருக்கும் மரைத் தண்டுகள் இவை. சென்ற ஆண்டின் கடைசி டிராக் நாளுக்கு (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) பிறகு அந்தப் பதினாறையும் மாற்றியே ஆக வேண்டிய நிலை எனக்கு வந்தது; எதைப் போடுவது என்று முடிவெடுக்க இரண்டு வாரம் பிடித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து டிராக்குக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கிழக்கே வேலூர், ராணிப்பேட்டை வழியாகப் போனால் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். தெற்கே தர்மபுரி, தொப்பூர், சேலம் கடந்து போனால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே. இரண்டுமே 200 கிலோமீட்டருக்கு மேல். காரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகும் வசதி நம் பக்கத்தில் பெரும்பாலோருக்குக் கிடையாது. டிராக்கில் சுற்றிய அதே சக்கரங்களில்தான் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறோம். ஆகவே ஸ்டட் தேர்வு என்பது டிராக்கோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல.

என் ஸ்டட் உடைந்ததும் டிராக்கில் அல்ல, வீட்டு ஷெட்டில். இடது முன் சக்கரத்தைக் கழற்றுவதற்காக ஸ்பானரைப் போட்டு அழுத்தியபோது ஒரு நட் வழக்கத்தைவிட எளிதாகச் சுழன்று கையோடு வந்தது. அதற்குள் ஸ்டட்டின் பாதி இருந்தது. உடைந்த முகத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஓர் ஓரத்தில் பிறை வடிவத்தில் கறுத்து, வழவழப்பாக, ஏரி வற்றும்போது கரையில் படியும் கோடுகளைப் போல மெல்லிய வளைகோடுகள் இருந்தன. மீதிப் பகுதி சாம்பல் நிறத்தில், அப்போதுதான் பிளந்த கிரானைட்டைப் போலச் சொரசொரப்பாக இருந்தது. கறுத்த பகுதி முன்பே விரிசல் விட்டு நாள்பட வளர்ந்தது. சாம்பல் பகுதி அன்றைக்கு முறிந்தது. இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறார்கள். அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அறுந்துபோன ஸ்டட்டை வைத்துக்கொண்டுதான் நான் டிராக்கிலும் ஓட்டி, நெடுஞ்சாலையில் வீட்டுக்கும் வந்திருக்கிறேன்.

காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், இரண்டு டிராக் நாள்களுக்கு முன்பு டயர் மாற்றிய ஒரு கடையில் நட்டுகள் அனைத்தையும் ஏர் கன் (காற்றழுத்தத்தில் இறுக்கும் கருவி) வைத்தே கடைசிவரை இறுக்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து டார்க் ரெஞ்ச் (குறித்து வைத்த இறுக்கம் வந்ததும் ஒலி எழுப்பும் ஸ்பானர்) வைத்துப் பார்த்தபோது, நட் அசையாமலேயே அது ‘டிக்’ என்றது. இறுக்கம் போதுமானது என்று விட்டுவிட்டேன். தேவைக்கு மேல் பல மடங்கு இறுகியிருந்தாலும் அதே ‘டிக்’தான் வரும். அந்த ரெஞ்ச் குறைவை மட்டுமே காட்டிக்கொடுக்கும், மிகுதியைக் காட்டாது. கழற்றி மறுபடி இறுக்குவது ஒன்றே வழி.

தேர்வுக்குள் போவதற்கு முன்பு ஸ்டட் செய்யும் வேலை என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பெரும்பாலான தவறான தேர்வுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. காரின் எடையும் பிரேக்கின் விசையும் நேராக ஸ்டட்டின் மீது விழுகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். சரியாக இறுக்கிய சக்கரத்தில் அப்படி விழுவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் விசையால் சக்கரம் ஹப்பின் முகத்தோடு அழுந்துகிறது. அந்த இரு முகங்களுக்கும் இடையேயுள்ள உராய்வே வளைவிலும் பிரேக்கிலும் வரும் சுமையைக் கடத்துகிறது. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அந்தப் பிடி தளர்ந்தால் சக்கரம் ஹப்பின் மீது நூலளவு நகரத் தொடங்கும். நகர்ந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிரும். இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர்; ஸ்விஃப்டின் சக்கரம் அதற்குள் ஏறக்குறைய 1900 முறை சுழல்கிறது. ஒரு செஷனில் பத்துச் சுற்று ஓட்டினால் 19,000 வளைவுகள். எவ்வளவு உறுதியான எஃகாக இருந்தாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு.

என் பழைய ஸ்விஃப்டின் ஸ்டட் எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் விட்டம்; மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். கையேடு சொல்லும் இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். எண்ணெய் படாத சுத்தமான மரையில் இந்த இறுக்கம் ஒவ்வொரு ஸ்டட்டிலும் தோராயமாக 35 கிலோநியூட்டன் இழுவிசையைத் தருகிறது, அதாவது மூன்றரை டன் எடைக்கு நிகரானது. ஒரு சக்கரத்துக்கு நான்கு என்றால் 14 டன் அழுத்தம். 10.9 என்ற உறுதித் தரத்தில் உள்ள அதே அளவு ஸ்டட், நிரந்தரமாக நீளாமல் சுமார் 76 கிலோநியூட்டன் வரை தாங்கும். சுமார் 96 கிலோநியூட்டனில் அறும். ஆக, கையேட்டின்படி இறுக்கினால் அதன் தாங்குதிறனில் பாதிகூடச் செலவாகவில்லை. இதே கணக்கில் ஏர் கன்னின் 300 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்ன செய்யும் என்று பாருங்கள்: 125 கிலோநியூட்டன் வருகிறது. உண்மையில் அந்த விசை வருவதற்கு முன்பே ஸ்டட் நீண்டு, கழுத்தில் மெலிந்து, சுருங்கும் தன்மையை இழந்துவிடும்.

கம்பெனி ஸ்டட்

முதல் தேர்வு, வண்டியோடு வந்த அதே ஸ்டட்டைப் புதிதாக வாங்கிப் போடுவது. டிராக் ஓட்டுபவர்கள் பலர் இதை ஒரு தேர்வாகவே கருதுவதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கம்பெனி ஸ்டட் குளிர்நிலையில் அடித்து வடிவமைக்கப்பட்டு, மரை வெட்டப்படாமல் உருட்டப்பட்டு வருகிறது. உருட்டிய மரையில் உலோகத்தின் இழைகள் அறுபடாமல் மரையின் வளைவோடு வளைந்து போகும். மரையின் அடிப்பகுதி இறுகியும் இருக்கும். விரிசல் தொடங்குகிற இடம் அந்த அடிப்பகுதிதான் என்பதால், சோர்வைத் தாங்கும் திறனில் வெட்டிய மரைக்கும் உருட்டிய மரைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தவிர, ஹப்பின் துளைக்குள் இறுகி உட்காரும் வரிப்பல் பகுதியின் விட்டம் அந்த வண்டிக்கென்றே அளந்து செய்யப்பட்டது. வேறு எந்தத் தேர்விலும் இந்தப் பொருத்தத்தை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதன் குறை நீளத்தில் இருக்கிறது. கம்பெனி வீலுக்குப் போதுமான நீளமே அதற்கு உண்டு. வெளியில் வாங்கிய அலாய் வீலின் பிடிப்புப் பகுதி தடிமனாக இருந்தாலோ, பிரேக் காலிப்பர் இடிக்கிறது என்று 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் இடையே வைக்கும் தகடு) போட்டாலோ, நட் பிடிக்கும் மரை குறைந்துவிடும். எஃகு ஸ்டட்டில் எஃகு நட் என்றால் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். இதை அளக்கக் கருவி தேவையில்லை. நட்டைக் கையால் மாட்டி, அது வீலில் உட்காரும்வரை எத்தனை முழுச் சுற்று போகிறது என்று எண்ணுங்கள். 1.25 மரைக்கு 10 சுற்று. ஹோண்டா, ஹூண்டாய் போன்றவற்றில் வரும் எம்12, 1.5 மரைக்கு 8 சுற்று. ஆறு சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டால் அந்த வீலும் ஸ்பேசரும் அந்த ஸ்டட்டோடு டிராக்குக்குப் போகக் கூடாது, ஊருக்குள்ளும் போகக் கூடாது.

லேத் பட்டறையில் செய்வது

நம் பக்கத்தில் இந்த யோசனை யாருக்கும் எளிதில் வரும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகள் ஏராளம். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் இயந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் தேவையான எதையும் கடைந்து கொடுக்கும் லேத்துகள் தெருவுக்குத் தெரு உண்டு. மாதிரியைக் கொடுத்தால் மாலைக்குள் கைக்கு வந்துவிடும். வேண்டிய நீளத்தில் கிடைக்கும். எனக்கும் ஆசை வந்தது. பல வருடப் பழக்கமுள்ள ஒரு லேத் அண்ணனிடம் உடைந்த ஸ்டட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, இதே மாதிரி கடைஞ்சு மரையும் போட்டுத் தந்துடுவேன். ஆனா ஹீட் ட்ரீட்மென்ட் வெளியில குடுக்கறது. அவன் எந்தச் சூட்டுல எடுத்தான், எப்படி ஆத்தினான்னு எனக்குத் தெரியாது. வண்டிச் சக்கரத்துக்கு நான் இதச் செய்ய மாட்டேன்.”

அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பட்டறையில் எளிதாகக் கிடைக்கும் இஎன்8 கம்பி நடுத்தரக் கார்பன் எஃகு. அதன் உறுதி 10.9 தரத்தின் பக்கத்தில்கூட வராது. இஎன்24 போன்ற கலப்பு எஃகைச் சரியாகச் சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதப்படுத்தினால் அந்த உறுதியை எட்ட முடியும்; ஆனால் சூட்டின் கணக்கு பிசகினால் ஒன்று மெத்தென்று ஆகிவிடும், இல்லாவிட்டால் கண்ணாடிபோல நொறுங்கும். எது எப்படி வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு லேத்தில் மரை வெட்டப்படுகிறது, உருட்டப்படுவதில்லை. வெட்டுக் கருவி விட்டுப்போகும் கூரிய அடிக்கோடு ஒவ்வொன்றும் விரிசலுக்கு அழைப்பு. கைத்திறனில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பதினாறு உருப்படிக்காகப் பதினாறையும் உடைத்துச் சோதிக்க முடியாது; சோதிக்காத ஸ்டட்டில் டிராக் ஓட்டவும் கூடாது. இந்தத் தேர்வை நான் முழுவதுமாக விலக்குகிறேன்.

ரேஸ் ஸ்டட்

அடுத்து, பந்தயத்துக்கென்றே செய்யப்படும் குரோம்-மாலிப்டினம் எஃகு ஸ்டட்கள். அமெரிக்காவின் ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் 8740 வகை எஃகில் செய்து விற்பவை இவை. சதுர அங்குலத்துக்கு 2 லட்சம் பவுண்டு என்று அவர்கள் குறிப்பிடும் இழுவை உறுதி, நம் கணக்கில் சுமார் 1380 மெகாபாஸ்கல். 10.9 தரத்தின் 1040 மெகாபாஸ்கலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். நீளமும் கூடுதலாகக் கிடைக்கும். சிலவற்றின் முனை மரையில்லாமல் குண்டுபோல் குவிந்திருக்கும். அவசரத்தில் நட்டைக் கோணலாக ஏற்றி மரையைக் கெடுக்கும் ஆபத்து அதனால் பெருமளவு குறைகிறது. பிட்டில் (டிராக் ஓரப் பணியிடத்தில்) நின்று வியர்வைக் கையோடு சக்கரம் மாற்றியவர்களுக்கு அந்த முனையின் அருமை தெரியும்.

ஆனால் இதை வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லித் தேடக் கூடாது. அளவைச் சொல்லித் தேட வேண்டும். இந்திய மாடல்களின் பெயர் அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. ஒரு பழைய ஸ்டட்டை ஹப்பிலிருந்து எடுத்து, வரிப்பல் பகுதியின் விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். ஹப் துளையின் உள்விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். வரிப்பல் துளையைவிடச் சிறிதளவு பெரியதாக இருக்க வேண்டும். அந்தச் சிறிதளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். குறைவாக இருந்தால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுழலும். அப்புறம் சக்கரத்தைக் கழற்றவே வழியிருக்காது. அதிகமாக இருந்தால் ஹப்பின் விளிம்பில் விரிசல் விடலாம். வரிப்பல்லின் நீளமும் ஹப்பின் தடிமனைத் தாண்டி டிஸ்க்குக்குள் நீண்டுவிடக் கூடாது. இவ்வளவும் பொருந்தினால் மட்டுமே உறுதி என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. பொருந்தாத ரேஸ் ஸ்டட்டைவிடப் பொருந்திய கம்பெனி ஸ்டட் நூறு மடங்கு மேல்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் 10.9-ஐவிட உயர்ந்த 12.9 தரம் என்று போட்டு, பளபளக்கும் துத்தநாகப் பூச்சோடு மலிவாக விற்கும் ஸ்டட்கள் உண்டு. இவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைகிறது. பூசிய உடனே உரிய வெப்பத்தில் மணிக்கணக்கில் சுட்டு அதை வெளியேற்றாவிட்டால், இறுக்கி வைத்த ஸ்டட் எந்தச் சுமையும் ஏறாமலேயே சில நாள்களில் தானாக முறியக்கூடும். சுட்டார்களா என்று பொட்டலம் சொல்லாது. பெயர் தெரியாத 12.9 ஸ்டட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

டைட்டானியம் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: எடை குறையும், ஆனால் உறுதியில் அது நல்ல எஃகு ஸ்டட்டைத் தாண்டுவதில்லை, உயவு இல்லாமல் இறுக்கினால் மரையோடு மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஓட்டும் நமக்குத் தேவையில்லை. ஹப்பைத் துளையிட்டு எம்14 ஸ்டட் போடுவது கனமான, சக்தி மிகுந்த கார்களுக்கு உரியது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் அதனால் ஹப்பும் வீலும் பலவீனப்படுமே தவிர வேறு பயன் இல்லை.

போல்ட் வைத்த கார்களின் கதை

தர்மபுரியில் இருக்கும் என் நண்பர் ஃபோக்ஸ்வாகன் போலோ வைத்திருக்கிறார். அதில் ஸ்டட் கிடையாது. சக்கரத்துக்கு ஐந்து போல்ட்கள், எம்14, 1.5 மரை, 120 நியூட்டன் மீட்டர் இறுக்கம், நேராக ஹப்பில் மரையேறுகின்றன. சாலையில் இது நல்ல அமைப்பு. டிராக்கில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சக்கரம் கழற்றி மாட்டும்போதுதான் சிரமம் தெரியும்: சூடான சக்கரத்தை ஒரு காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துளையை ஹப்பின் துளையோடு நேர்ப்படுத்தி, போல்டைக் கோணலாக ஏற்றாமல் மாட்ட வேண்டும். ஒருமுறை கோணலாக ஏறினால் கெடுவது போல்டின் மரை மட்டுமல்ல, ஹப்பின் மரையும்தான். ஹப் மாற்றுவது வேறு செலவு.

ஆகவே அவர் போல்ட் துளைகளில் ஸ்டட்களைத் திருகி, வெளியே நட் போடும் மாற்றமைப்புக்குப் போகலாமா என்று கேட்டார். இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ஓட்டுபவர், புதிய கம்பெனி போல்ட்களோடு, ஹப் துளையில் தற்காலிகமாகத் திருகி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிடும் ஒரு வழிகாட்டிக் கம்பி வாங்கிக்கொண்டால் போதும். அடிக்கடி ஓட்டுபவருக்கு மாற்றமைப்பு உண்மையிலேயே உதவும். ஆனால் திருகிய ஸ்டட் நட்டோடு சேர்ந்து கழன்று வரும் இயல்புடையது. அதைத் தடுக்கப் போடும் பூட்டுப் பசைக்கு வெப்ப எல்லை உண்டு. பரவலாகக் கிடைக்கும் நீல நிற லாக்டைட் 243, 180 டிகிரி செல்சியஸ் வரைக்குமானது. டிராக்கில் பிரேக் டிஸ்க் பல நூறு டிகிரிக்குப் போகும்போது ஹப்பும் அதன் பங்கைக் குடிக்கிறது. எனவே நடுவில் தோள் வைத்து, ஹப்பில் முட்டி நிற்கும் வகை ஸ்டட்டையே எடுக்க வேண்டும். பின்பக்கம் அதிகமாக நீண்டு நக்கிளையோ (ஹப்பைத் தாங்கும் பாகம்) ஏபிஎஸ் சென்சாரையோ உரசாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். நட் வீலில் உட்காரும் இடமான இருக்கையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் கம்பெனி வீலில் இருக்கை உருண்டையானது. வெளிச் சந்தை அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. உருண்டை இருக்கையில் கூம்பு நட் போட்டால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். டார்க் ரெஞ்ச் சரியாக ‘டிக்’ என்று சொல்லும், பிடிப்பு மட்டும் இருக்காது. ஹோண்டாவின் கம்பெனி வீல்களிலும் இதே உருண்டை இருக்கை உண்டு என்பதை அந்தக் கார்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

நண்பர் கடைசியில் மாற்றமைப்பையே தேர்ந்தெடுத்தார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்டட்களையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

மாட்டுவதும் பராமரிப்பதும்

எந்த ஸ்டட்டை எடுத்தாலும், மாட்டும் விதத்தில் பிழை நேர்ந்தால் எல்லாம் ஒன்றுதான். பழைய ஸ்டட்டைச் சுத்தியால் அடித்து வெளியேற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒவ்வோர் அடியும் பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் போகிறது. குண்டு பதிந்த இடத்தில் நுண்ணிய பள்ளம் விழுந்து, சில வாரத்தில் சக்கரம் ஊளையிடத் தொடங்கும். பால் ஜாயின்ட் கழற்றும் பிரஸ் போன்ற திருகுக் கருவியால் தள்ளி எடுப்பதே முறை. புதியதை உள்ளே இழுக்க, நட்டைப் போட்டு ஏர் கன் வைத்து இழுக்கிறார்கள். ஓட்டத் தொடங்கும் முன்பே அந்த மரை நீட்சிக்கு உள்ளாகிவிடுகிறது. பிரஸ்ஸில் அழுத்தி உட்காரவைக்க வேண்டும். முடியாத இடத்தில் தடித்த வாஷர்களை அடுக்கி, தனியாக ஒதுக்கிய ஒரு பழைய நட்டைக் கொண்டு, கைரெஞ்சால் மெல்ல இழுக்கலாம். தலை ஹப்பின் பின்புறத்தோடு இடைவெளியில்லாமல் பதிந்ததா என்று காகிதத் துண்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். சில கார்களின் முன் ஹப்பில் நீளமான ஸ்டட்டை நுழைக்கவே இடம் இருக்காது. ஹப்பை வெளியே எடுத்தாக வேண்டும், எடுத்தால் பேரிங்கும் பெரும்பாலும் போய்விடும். நீள ஸ்டட்டுக்கு மாறுவதாக இருந்தால் பேரிங் மாற்றும் நாளோடு சேர்த்துக்கொள்வது சிக்கனம்.

மரையில் எண்ணெய் அல்லது ஆன்டி சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசலாமா என்பது தீராத வாதம். கையேட்டின் 85 என்ற எண், உலர்ந்த மரையை மனத்தில் வைத்தது. எண்ணெய் பூசினால் உராய்வு குறைந்து, அதே 85-இல் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆன்டி சீஸ் பூசினால் பாதிக்கு மேலும் கூடலாம். ஸ்விஃப்டில் அது உடனே ஆபத்தான எல்லைக்குப் போய்விடாது. ஆனால் ஹோண்டாவைப் போல 108 நியூட்டன் மீட்டர் சொல்லும் எம்12, 1.5 மரையில் உலர்ந்த நிலையிலேயே 45 கிலோநியூட்டன் இருக்கிறது, பூசினால் 10.9 தரம் தாங்கும் 73 கிலோநியூட்டனை நெருங்கிவிடும். நான் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து உலர்ந்தபடியே விடுகிறேன். ரேஸ் ஸ்டட்டின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட பசையையும் அதற்குரிய இறுக்க அளவையும் சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்டட்டைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது சக்கரமும் ஹப்பும் தொடும் முகம். அங்கே துரு இருந்தாலோ, அலாய் வீலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தவர் பின்முகத்திலும் தடிமனாக அடித்துவிட்டிருந்தாலோ, முதல் வெப்பத்திலேயே அது நசுங்கிப் பிடிப்பைத் தளர்த்திவிடும். ஸ்டட்டின் நீட்சியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், நசுங்கிய பெயிண்டின் தடிமன் அதில் பாதியைத் தின்றுவிடும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும் என்பதும் இதோடு சேர்கிறது: சூட்டில் வீல் விரிந்து ஸ்டட்டை மேலும் இழுக்கும், ஆறியதும் விடும். அதனால்தான் செஷன் முடிந்த கையோடு சூட்டில் இறுக்கம் பார்ப்பதை நான் நம்புவதில்லை. காலையில் குளிர்ந்த நிலையில் குறுக்குக் குறுக்காக இரண்டு கட்டமாக இறுக்கி, நட்டின் மீதிருந்து வீலுக்கு ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டுவிடுவேன். செஷனுக்குச் செஷன் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பேன். முதல் செஷனுக்குப் பிறகு நன்றாக ஆறியதும் ரெஞ்ச் வைப்பேன். வீட்டுக்குக் கிளம்பும் முன்பு இன்னொரு முறை. ஒரு நட் மட்டும் ஒவ்வொரு முறையும் நகர்கிறது என்றால் அந்த ஸ்டட் நீண்டுகொண்டிருக்கிறது என்று பொருள்; இறுக்கிக்கொண்டே போகாமல் மாற்ற வேண்டும்.

கழற்றும் ஒவ்வொரு முறையும் நட்டை விரலால் கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பிடித்தால் மரை நீண்டிருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது. ஒரு ஸ்டட் உடைந்தால் அந்த ஹப்பில் உள்ள அனைத்தையும் மாற்ற வேண்டும், ஏனெனில் உடைந்ததன் சுமையை மற்ற மூன்றும் சுமந்திருக்கின்றன. டார்க் ரெஞ்சையும் வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கக் கொடுப்பது அவசியம். தொழிற்சாலைகளுக்காக இயங்கும் சரிபார்ப்புக் கூடங்கள் ஓசூரில் இருப்பது நமக்கு ஒரு வசதி.

நான் எடுத்த முடிவு இது. சாலை டயரில் ஓடும் என் காருக்கு, ஸ்பேசர் இல்லாதவரை, புதிய கம்பெனி ஸ்டட்களே போதும். முன் எட்டையும் வருடந்தோறும், பின் எட்டையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது. முனை திறந்த எஃகு நட் போடுவது, ஸ்டட்டின் முனை எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. ரேஸ் ஸ்டட் இருந்திருந்தால் அந்த ஏர் கன் இறுக்கத்தைத் தாங்கியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது வீலின் கூம்பு இருக்கை நசுங்கியிருக்கும், அல்லது டிஸ்க் கோணியிருக்கும். தவறு வேறோரிடத்தில் வெளிப்பட்டிருக்கும். பந்தய டயர்களுக்கு மாறும் நாளில், அதனோடு ஸ்பேசரும் வரும் என்பதால், முன் பேரிங்குகளோடு சேர்த்து ரேஸ் ஸ்டட்டுக்குப் போவேன். அதற்கான அளவுகளை இப்போதே எடுத்துக் குறித்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு மிச்சமான பணத்தில் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்றும், பெட்டியில் எப்போதும் இருக்கும்படி மாற்று ஸ்டட் நான்கும் நட் ஆறும் வாங்கியிருக்கிறேன்.

கழற்றிய பதினைந்து பழைய ஸ்டட்களையும் வைஸில் பிடித்து, ஹேக்ஸா கொண்டு ஒவ்வொன்றாக நடுவில் அறுத்தேன். அரை நாள் பிடித்தது. அறுக்காமல் காயலான் கடைக்குப் போட்டால், மரை நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள். உள்ளே வளர்ந்திருக்கும் விரிசல் அவர்கள் கண்ணுக்கும் தெரியாது.